முகத்துக்கு உகந்த நிழல்

அன்புள்ள மாணவனுக்கு,

வெளியில் ஒருவரைப் படமெடுக்கையில் சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற விதியை நீ இன்னமும் பிடித்துக்கொண்டிருப்பதும், நிழலுக்குள் நிறுத்தினால் முகம் மங்கிவிடாதா என்று கேட்டிருப்பதுமே இக்கடிதத்துக்குக் காரணம். படச்சுருளின் ஒளியுணர்வு மிகக் குறைவாக இருந்த காலத்தில் அவ்விதிக்குத் தேவை இருந்தது; ஐஎஸ்ஓ எண்ணைச் சற்றே உயர்த்தினால் போதும் என்றாகிவிட்ட இக்காலத்திலும் அதையே ஒப்பிப்பதால், எதிரில் நிற்பவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொள்வதைத் தவிர வேறு பலன் இல்லை.

வானத்தில் சூரியனின் வட்டம் ஏறத்தாழ அரை டிகிரி அகலமே கொண்டது. ஒளி வரும் பரப்பு சிறியதாகத் தோன்றத் தோன்ற நிழலின் விளிம்பு கூர்மையாகும் என்பதால், நேர்வெயிலில் மூக்கின் நிழல் உதட்டின்மேல் கோடு கிழித்தாற்போல் விழுகிறது. வெயில் நேராகப் படாமல் வானின் ஒளி மட்டும் வந்து சேரும் இடத்தைத் திறந்த நிழல் என்பர். அங்கே கிடைக்கும் ஒளி வெயிலில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அது வானின் பெரும்பரப்பிலிருந்து வருவதால் கன்னத்தின் வளைவும் நெற்றிச் சுருக்கமும் படிப்படியாகத் துலங்குகின்றன.

இதற்குச் சான்றாக அமெரிக்கக் கலைஞர் ரிச்சர்ட் அவெடனின் 'இன் தி அமெரிக்கன் வெஸ்ட்' நூலை ஊன்றிப் பார்க்க வேண்டும். டெக்சாஸ் மாநிலத்து ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்துக்காக அவர் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுற்றி, சுரங்கத் தொழிலாளர்களையும் எண்ணெய் வயல்களில் உழைப்போரையும் நாடோடிகளையும் எடுத்த படங்கள் 1985-இல் நூலாயின. ஒரு சுவரிலோ வண்டியின் பக்கவாட்டிலோ பெரிய வெள்ளைத்தாளை மாட்டி, அதன்முன் ஆளை நிறுத்தி, 8x10 அங்குலப் படத்தகடு கொண்ட பெரிய கேமராவுக்கு அருகில் நின்றபடி அவர் எடுத்தார். அப்படங்களைப் பற்றி எழுதுவோர் வெள்ளைத்தாளையே பேசித் தீர்க்கிறார்கள். அது பாதி உண்மைதான். அவர் எப்போதும் நிழலையே தேர்ந்தார் என்பதும், முகத்தின் எந்தப் பகுதியை முதலில் பார்க்க வேண்டும் என்று வெயில் பார்ப்பவருக்குக் கட்டளையிடுவதை அவர் விரும்பவில்லை என்பதுமே அப்படங்களின் அடித்தளம். அழுக்குப் படிந்த சட்டைப் பொத்தானும் வெடித்த உதடும் கண்ணின் ஈரமும் அங்கே சம உரிமையோடு நிற்பதற்கு நிழலே காரணம். தாளை எடுத்துவிட்டாலும் அம்முகங்கள் நிற்கும். வெயிலில் நிறுத்தியிருந்தால் நின்றிரா.

ஆயினும் எல்லா நிழலும் ஒன்றல்ல. திறந்த முற்றத்தில் சுவரின் நிழலில் ஒருவர் நிற்கும்போது ஒளி பெரும்பாலும் தலைக்கு மேலுள்ள வானிலிருந்தே இறங்குவதால் கண்குழிகள் அங்கும் இருண்டே கிடக்கும். அவரையே திண்ணையின் விளிம்புக்குச் சற்று உள்ளே, தெருவைப் பார்க்க அமர்த்தினால், கூரை மேலொளியை மறைக்க, எதிர்வானமும் வெளிறிய தெருவும் தரும் ஒளி முன்னிருந்து கண்ணுக்குள் நுழையும். கருவிழியில் தெரியும் வெண்புள்ளியைக் கூர்ந்து பார்: அது எங்கிருக்கிறதோ அத்திசையிலிருந்தே ஒளி வருகிறது, புள்ளியே இல்லையெனில் ஆளை நகர்த்து. வாடகைக்குக் கூடம் தேடி அலைவோர் திண்ணையை மறந்தது வருந்தத்தக்கது. மரநிழலோ ஐயத்துக்குரியது: இலையிடுக்கில் புகும் வெயில் முகத்தில் வட்டவட்டமாகத் திட்டுப்போடும், இலையின் பச்சையும் தோலில் ஏறும்.

நீலவானின் ஒளி தோலுக்கு நீலச்சாயல் ஏற்றுவதை வெண்சமநிலை அமைப்பில் 'நிழல்' என்ற தேர்வு ஈடுசெய்யும். அதைச் செய்வது முறை. ஆனால் கரிய முகத்தைக் கணினியில் வெளுக்கச் செய்வது முறையன்று. அது எதிரில் நின்றவருக்கு இழைக்கும் அவமதிப்பு. நிழலின் மென்மையான ஒளியில் கரிய தோல் தன் மினுக்கத்தோடும் நுண்ணிய நிறபேதங்களோடும் பதிவாகும். அதைக் காக்கும் பொறுப்பு உன்னுடையது.

ஒரே முகத்தை வெயிலிலும் முற்றத்து நிழலிலும் திண்ணையிலும் எடுத்து, எதையும் திருத்தாமல், மூன்றையும் அடுத்த கடிதத்தோடு அனுப்பு.