கல்முனைக் கரையில் ஆளெடுப்பும் ஆள் பேணலும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களான மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகியவற்றிலும், சற்று உள்ளே தள்ளியிருக்கும் சம்மாந்துறையிலும், ஆளணி நிருவாகம் பெரும்பாலும் தனிப் பிரிவாக இருப்பதில்லை. கல்முனைக் கடைத்தெருவின் புடவைக்கடையில் அது முதலாளியின் மகன் பார்க்கும் வேலை. அரிசி ஆலையில் கணக்காளரும் தனியார் வைத்தியசாலையில் முகாமையாளரும் அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வங்கி, நிதிக் கம்பனிக் கிளைகளில் முடிவு கொழும்பிலிருந்து வரும். அதை ஊருக்கு விளங்கவைப்பது கிளையில் இருப்பவரின் பாடு. பதவிப் பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: ஆளைத் தேடுவது, எடுப்பது, சம்பளத்தையும் லீவையும் ஒழுங்காகக் கொடுப்பது, பிணக்கு வந்தால் தீர்ப்பது, போகிறவரை மரியாதையோடு அனுப்புவது.

1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒலுவில் வளாகத்தில் முகாமைத்துவ, வர்த்தக பீடம் இருக்கிறது. அங்கே படித்து வெளியேறும் ஊர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் படித்த பாடம், ஒருவரையொருவர் அறியாத மாநகரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்தக் கரையிலோ விண்ணப்பதாரர் யாருடைய மகன், எந்தக் குடி (குலம்), எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மருமகன் என்பதெல்லாம் சுயவிபரக் கோவையைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். அந்த அறிவை வைத்துக்கொண்டு நியாயமாக நடப்பது எப்படி என்பதுதான் இங்கே ஆளணி அலுவலர் கற்க வேண்டிய முதல் பாடம்.

வெற்றிடம் பற்றிய செய்தி பத்திரிகையில் வருமுன் ஊரில் பரவிவிடும். நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு தொலைபேசி ஓயாது. “மச்சான், நம்மட புள்ள ஒண்டு நாளைக்கு வருகுது, கொஞ்சம் பாத்துக்கங்க” என்று உறவுக்காரர் சொல்வார். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவர் சொல்வார், படிப்பித்த ஆசிரியர் சொல்வார், பிரதேச அரசியல்வாதியின் ஆள் சொல்வார். இதைக் குற்றமாக மட்டும் பார்ப்பது சரியல்ல. ஒரு பிள்ளை காசு விஷயத்தில் நேர்மையானதா, வீட்டுப் பொறுப்பைச் சுமக்கிறதா என்பதைக் கொழும்பு நிறுவனங்கள் எந்தச் சோதனையாலும் இவ்வளவு இலகுவில் அறிய முடியாது. அறிமுகம் பெயரைக் கொண்டுவரலாம். தெரிவை அதன் கையில் விடக்கூடாது.

அதற்கு நடைமுறையில் உதவுபவை சில. பெயர்கள் காதில் விழுமுன் வேலைக்கு என்ன தேவை என்பதை எழுதி முதலாளியிடம் ஒப்பம் வாங்கிவிட வேண்டும். நேர்முகத்தில் இருவராவது இருக்க வேண்டும். ஒருவர் வேற்றூராக இருந்தால் மிக நல்லது. காசாளர் வேலை என்றால் ஒரு கட்டு நோட்டும் ஒரு நாள் விற்பனைச் சிட்டைகளும் கொடுத்துக் கணக்கை முட்டுப்படுத்தச் சொல்லலாம். எழுதுநர் என்றால் சிங்களத்தில் வந்த ஒரு கடிதத்துக்குத் தமிழில் பதில் எழுதச் சொல்லலாம். அந்தத் தாள்களையும் புள்ளிகளையும் கோவையில் வைத்திருந்தால், “ஏன் எங்கட புள்ளைக்குக் கிடைக்கல்ல?” என்ற கேள்விக்குக் காட்ட ஒன்று இருக்கும். அந்தக் கேள்வி கட்டாயம் வரும். கேட்பவர் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பக்கத்து ஸப்பில் (தொழுகை வரிசையில்) நிற்பவராகவும் இருக்கலாம். ஆகவே தெரிவாகாதவரைப் பரிந்துரைத்தவருக்கு ஊர்வாயால் செய்தி போகுமுன் ஆளணி அலுவலரே அழைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. இந்த ஒரு பழக்கம் பல வருடப் பகைகளைத் தவிர்க்கும்.

தெரிவில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று கலியாணம். கிழக்குக் கரையில் குடி தாய்வழியாக வருகிறது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். ஆகவே கலியாணத்தோடு முகவரி மாறுவது பெரும்பாலும் ஆணுக்குத்தான். மருதமுனையில் நிரந்தர முகவரி கொடுத்து வேலைக்குச் சேர்ந்த இளைஞர் இரண்டு வருடத்தில் அக்கரைப்பற்றில் மாமியார் வீட்டில் இருக்கக்கூடும். அதன்பின் தினமும் போக 25 கிலோமீற்றருக்கு மேல், வர அவ்வளவு. பெண்ணோ தாய் வீட்டிலோ, தாய் வீட்டுக்கு அடுத்த வளவிலோதான் இருப்பார். பிள்ளையைப் பார்க்க உம்மாவும் சாச்சியும் பக்கத்திலேயே உண்டு. “பொம்புளப் புள்ள கலியாணம் முடிச்சா நிண்டுரும்” என்று சொல்லிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தயங்கும் முதலாளிமார் இந்த ஊரின் குடும்ப அமைப்பையே கணக்கில் எடுப்பதில்லை. போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் ஒரு வழி செய்து கொடுத்தால் ஒரே இடத்தில் நீண்ட காலம் நிலைக்கக்கூடியவர்கள் அவர்களே.

சேர்ந்த நாளிலேயே நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். உறவுக்காரருக்கு எதற்குக் கடிதம் என்ற எண்ணம் கடைகளில் பரவலாக உண்டு. ஆனால் உறவுக்குள் பிணக்கு வரும்போதுதான் கடிதம் அதிகம் தேவைப்படுகிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு என்று வரையறுக்கிறது. முதல் வருடம் கழிந்தபின் முழு உரித்து வருடாந்த லீவு 14 நாளும் அமைய லீவு 7 நாளும் ஆகும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 வீதம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் சேவை முடித்தவருக்கு, 1983இன் சட்டப்படி, ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. சாப்பாடும் பெருநாள் உடுப்பும் கொடுக்கிறோம் என்பது சேமலாப நிதிக்கு மாற்றாகாது. 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாயாக உயர்ந்தபின் கடைத்தெருவின் பழைய வாய்மொழிச் சம்பளங்கள் பலவற்றைத் திரும்பக் கணக்கிட வேண்டியதாயிற்று.

மருதமுனைக் கைத்தறியில் இது இன்னும் சிக்கலாகும். சாரனுக்கும் சாரிக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். தறியும் நூலும் முதலாளியுடையவை, நெய்கிறவர் அவர் சொன்ன வடிவத்தில் அவருக்கே நெய்கிறார் என்றால், அவரைக் குத்தகைக்காரர் என்று தள்ளிவிட முடியாது. துண்டுக்கூலி பெறும் ஊழியரும் சேமலாப நிதிக்குள் வருவார். உருப்படி எண்ணிக்கை, கொடுத்த நூல், கூலி, முற்பணம் ஆகியவற்றைத் திகதியோடு எழுதி இருவரும் ஒப்பமிடும் சின்னக் கொப்பி ஒன்று போதும். முற்பணம் பற்றிய சண்டை பெரும்பாலும் அந்தக் கொப்பி இல்லாத இடத்தில்தான் மூளுகிறது.

இந்த ஊர்களின் நேர ஒழுங்கு அலுவலக நாட்காட்டிக்குள் அடங்காது. வெள்ளிக்கிழமை நண்பகல் கடைத்தெரு ஜும்ஆவுக்கு ஓய்ந்துவிடும். அந்த இடைவெளியை வேலை நேரத்துக்குள் வெளிப்படையாக எழுதிவிட்டால் வாராவாரம் அனுமதி கேட்கும் சங்கடம் இல்லை. நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழும்பி இரவு தராவீஹ் தொழுபவரிடம் பிற்பகல் மூன்று மணிக்கு நீண்ட கூட்டம் வைப்பதில் பயனில்லை. கவனம் வேண்டிய வேலையைக் காலையில் முடித்து, இப்தாருக்கு வீடு சேரும்படி விடுவதே நல்லது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பில் விடுமுறை வருவதால் அந்த மாதம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். தாய்மாரின் லீவுக் கோரிக்கை கூடும். பெருநாள் எந்த நாள் என்பது பிறை பார்க்கும் இரவில்தான் உறுதியாகும். ஆகவே கடமைப் பட்டியலில் இரண்டு திகதிகளையும் முன்கூட்டியே குறித்து, இரண்டுக்கும் மாற்றாள் போட்டுவைக்க வேண்டும். வயல் உள்ளவர்களுக்குப் பெரும்போக, சிறுபோக வெட்டுக் காலமும் அப்படித்தான். சம்மாந்துறையில் ஒரு அலுவலகத்தில் பாதிப்பேர் வெட்டு நாளில் வயலில் நிற்பது புதினமல்ல. வெட்டு மெசின் வரும் நாள் நிச்சயமில்லாததால் ஒரு கிழமைக்குள் எந்த இரு நாள் என்பதை ஊழியரே தெரிவு செய்ய விடலாம்.

மௌத்து (மரண)ச் செய்திக்கு முன் எந்தப் படிவமும் நிற்காது. பகல் பத்து மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தால் அஸருக்குப் பின் நல்லடக்கம் என்பது சாதாரணம். ஒரு கடையின் அரைவாசி ஊழியர் அந்த வீட்டுக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தமாக இருப்பார்கள். மூன்று நாளுக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும் என்ற விதி அங்கே எல்லாரையும் பொய் சொல்ல வைக்கும். தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போகலாம், வந்து கையொப்பமிடலாம், நெருங்கிய உறவு அல்லாதவர்கள் முறைவைத்து இரண்டு மணித்தியாலம் போய்வரலாம் என்று எழுதிவைத்தால் கடையும் திறந்திருக்கும், ஊர்க்கடனும் தீரும். ஆளணி அலுவலரும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வலீமா விருந்துகளையும் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களையும் விட மௌத்து வீட்டில்தான் பிற நிறுவனங்களில் இதே வேலை பார்ப்பவர்களோடு நெருக்கம் உண்டாகிறது. பிறகு ஒருநாள் நல்ல மின்னியலாளர் ஒருவரை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கும்போது கைகொடுப்பது அந்த நெருக்கம்தான்.

பெண் ஊழியர் விடயத்தில் அடிப்படையான ஏற்பாடுகளுக்கே இன்னும் இடம் இருக்கிறது. தொழுகைக்கும் அதற்குமுன் கழுவிச் சுத்தமாகும் வுழூவுக்கும் மறைவான இடம், பூட்டக்கூடிய மலசலகூடம், இருட்டுமுன் வீடு சேரும் நேரம் ஆகிய மூன்றும் இருந்தால் விண்ணப்பங்களே கூடும். பிரசவ லீவு 84 வேலைநாள். மூன்றாம் பிள்ளைக்குக் குறைவு என்ற பழைய பாகுபாடு 2018 திருத்தத்தோடு போய்விட்டது. அரச சேவையில் கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா காலமான நான்கு மாதம் பத்து நாளுக்கு விசேட லீவு உண்டு. தனியார் துறையில் அதற்கெனச் சட்ட ஏற்பாடு இல்லாததால், வேலை போய்விடாது என்ற உறுதியையும் சம்பளத்தில் எவ்வளவு பங்கு என்பதையும் நிறுவனமே முன்கூட்டித் தீர்மானித்துக் கைந்நூலில் எழுத வேண்டும். துக்க வீட்டில் போய்ப் பேசும் விடயமல்ல அது. உடை பற்றியும் அப்படியே. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் அவசரகால விதியால் முகம் மூடுவது தடைசெய்யப்பட்டது. தொடர்ந்து அரச அலுவலக உடை குறித்து வந்த சுற்றறிக்கை சர்ச்சையாகித் திருத்தப்பட்டது. அந்த மாதங்களில், உடையைப் பற்றித் தெளிவான எழுத்து விதி இல்லாத இடங்களில் வாயிற் காவலரின் அபிப்பிராயமே விதியாயிற்று.

2004 டிசம்பர் 26 கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான். அதன்பின் வந்த சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் இந்தக் கரையின் இளைஞர், யுவதிகளைக் கள உத்தியோகத்தராக எடுத்தன. எழுத்துப்பூர்வப் பதவி விபரம், செயலாற்றுகை மதிப்பீடு, மாதாந்த நேர அட்டை என்பவற்றை ஊர் பரவலாகப் பார்த்தது அந்த வருடங்களில். திட்டங்கள் முடிந்தபோது நல்ல சம்பளம் ஒரே மாதத்தில் நின்றது. சேவைச் சான்றிதழ் வாங்காமல் வெளியேறியவர்களுக்கு, அந்த அமைப்பே நாட்டைவிட்டுப் போனபின் அனுபவத்தை நிரூபிக்க வழியில்லாமல் போயிற்று. திட்ட வேலைக்கு ஆளெடுப்பவர் முடிவுத் திகதியைக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே எழுதுவதும், இறுதி மாதத்துக்கு முன்பே சான்றிதழை அச்சிட்டுக் கொடுப்பதும் அன்று கற்ற பாடம்.

கல்முனையில் ஒரே வீதியில் முஸ்லிம், தமிழ் ஊழியர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். தமிழ் ஊர்களான காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் வருபவர் பலர். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது பற்றிய பிரச்சினை போன்ற சூடு ஊரில் கிளம்பும் நாட்களில் ஊழியர் வாட்ஸ்அப் குழுவைக் கடமைச் செய்திக்கு மட்டும் என்று இறுக்கமாக வைத்திருப்பது அவசியம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடைக்கும் லீவும் கொடுப்பனவும் பெருநாளுக்குக் கிடைப்பதோடு ஒத்திருக்க வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து வருபவை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், எச்சரிக்கைக் கடிதம் போன்றவற்றை ஊழியருக்குத் தமிழில் கொடுத்த பிறகே ஒப்பம் கேட்க வேண்டும். கொழும்பில் நேர்முகத்துக்கு அழைக்கும் நிறுவனம், கிழக்கிலிருந்து வருபவர் இரவு பஸ்ஸில் இறங்கி நேரே வருகிறார் என்பதை நினைத்துப் பதினொரு மணிக்குப் பிறகு நேரம் கொடுத்தால் சரியான ஆளைப் பார்க்கலாம்.

தனியார் நிறுவனத்தை விட்டுப் போகும் வழிகள் இங்கே பெரும்பாலும் இரண்டு: அரச உத்தியோகம், வெளிநாடு. 2020இல் அரசு ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநராகச் சேர்த்தது; அதைவிடக் கூடுதலாகச் சம்பளம் பெற்றவர்களும் ஓய்வூதியத்தையும் கலியாணச் சந்தை மதிப்பையும் எண்ணிப் போனார்கள். 2022 நெருக்கடியில் நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். இதைத் துரோகமாக எடுத்துக்கொண்டு கடைசிச் சம்பளத்தை இழுத்தடிக்கும் இடத்துக்கு நல்ல ஆள் திரும்ப வராது; கட்டாரில் ஐந்து வருடம் களஞ்சியம் பார்த்துவிட்டு வருபவரே நாளைக்கு மிகவும் தேவைப்படும் ஆள்.

போகிறவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி சேமலாப நிதிப் பதிவைச் சரியாக வைத்திருப்பது. ஆண் 55, பெண் 50 வயதுக்கு முன்பே பணத்தை மீளப்பெறும் காரணங்களில் ஓய்வூதியமுள்ள நிரந்தர அரச நியமனமும், பெண்கள் கலியாணத்தால் வேலையை விடுவதும் அடங்கும். முதலாவது இந்த ஊரில் அடிக்கடி நடப்பது. விண்ணப்பம் அலையவைப்பது பெரும்பாலும் பெயரால்தான். முஹம்மது, முகம்மத், மொஹமட் என்று பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சம்பளப் பட்டியலில் இன்னொன்று; வாப்பாவின் பெயர் முன்னெழுத்தாக ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் இல்லை. பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையோடு சேர்ந்தவர் பின்னர் பன்னிரண்டு இலக்க அட்டை எடுத்திருப்பார். பதிவில் பழையதே கிடக்கும். சேரும் முதல் நாளில் அட்டையைக் கையில் வாங்கி, ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிந்து, அட்டை மாறினால் அந்த மாதமே திருத்தி, விலகும் நாளில் சேவைக் கடிதத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் ஒரே உறையில் கொடுத்தனுப்ப வேண்டும்.