அயர்லாந்தும் அமராத இருக்கைகளும்

தேர்தலில் வென்றோர் அவையில் அமர மறுத்தல் நெறியாகுமா? அயர்லாந்து விடுதலை அரசியல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினாவோடு போராடி வருகின்றது.

1918 பொதுத்தேர்தலில் அந்நாட்டின் 105 இடங்களுள் 73 இடங்களை ஷின் ஃபெயின் கட்சி வென்றது. வென்றோர் இலண்டன் நாடாளுமன்றம் செல்லாது, 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் தமக்கெனப் பேரவை கூட்டினர். மறுப்போடு நில்லாது மாற்றவையும் கண்டமையே அவர்தம் வலிமை எனலாம்.

1922இல் அயர்லாந்துச் சுதந்திர அரசு அமைந்தபோது, உறுப்பினர் பிரிட்டிஷ் மன்னருக்கு உண்மையாயிருப்பதாக உறுதிமொழி ஏற்க வேண்டியிருந்தது. டி வலேரா அணியினர் அவைபுக மறுத்தனர். ஆயின், இம்முறை அவர்தம் கையில் மக்கள் ஏற்ற மாற்றவை இல்லை. 1926இல் அவர் ஃபியனா ஃபாயில் கட்சியைத் தொடங்கினார். 1927இல் உறுதிமொழியை வெற்றுச் சடங்கெனக் கூறி ஒப்பமிட்டு உள்ளே சென்றார். 1932இல் ஆட்சியேற்று, 1933இல் அவ்வுறுதிமொழியையே நீக்கினார்!

ஷின் ஃபெயினும் 1986இல் டப்ளின் அவையில் அமர இசைந்தது, உடன்படாதோர் பிரிந்தனர். எனினும், பிரிட்டனோடு தொடரும் வட அயர்லாந்தில் 2024இல் வென்ற 7 இலண்டன் இடங்களில் அக்கட்சி அமரவில்லை. வாக்களித்தோர் குரல் அங்கு ஒலிக்கவில்லையே என்பர் மாற்றார். அம்மன்றத்தின் ஆளுகையையே தாம் ஏற்கவில்லை என்பர் கட்சியினர்.

இருக்கையைத் துறப்போர் மக்களுக்கு வேறெந்த அவையைத் தருகின்றனர் என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா.