முழங்கால் வலிக்கு ஓய்வா, பயிற்சியா?

பால்மரத்தில் முதல் வெட்டு நெஞ்சுக்கு நேராகத் தொடங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வெட்டுக்கோடு கீழே இறங்குகிறது; மரம் சீவுபவரும் அதனோடு இறங்க வேண்டியுள்ளது. வெட்டு அடிப்பட்டைக்கு வந்துவிட்ட நிரையில், நாளொன்றுக்கு 500 மரங்கள் வரை குனிந்தும் குந்தியும் எழுவதென்றால் முழங்கால் முறையிடத்தான் செய்யும். மேட்டுநிலத் தோட்டமாயின், நிறைந்த பால் வாளியுடன் சரிவில் இறங்கும் பாரமும் சேர்ந்துகொள்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் பலர், "முட்டி தேய்ந்துவிட்டது" என்று சொல்லக் கேட்கிறோம்.

'தேய்ந்துவிட்டது' என்னும் இச்சொல்லே பாதித் தொல்லைக்குக் காரணம். தேய்ந்ததைப் பயன்படுத்தினால் மேலும் தேயும் என்று எண்ணிப் பலர் கால்களை அசைக்கவே அஞ்சுகின்றனர். இயந்திரச் சக்கரத்திற்கு அது பொருந்தலாம். உயிருள்ள மூட்டுக்குப் பொருந்தாது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது அழுந்தியும் தளர்ந்தும், மூட்டினுள் இருக்கும் நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. மேலும், காலை ஊன்றும்போது உண்டாகும் அதிர்வின் பெரும்பகுதியைத் தொடையின் முன்புறத் தசை தாங்குகிறது. வலிக்கு அஞ்சிக் காலுக்கு வேலை கொடாவிடில் அத்தசை மெலியும், பாரம் மூட்டின்மேல் விழும், வலி மிகும், மீண்டும் ஓய்வு தேடுவோம். இச்சுழலை அறுப்பதே இயன்முறைச் சிகிச்சையின் வேலை. அரசாங்க மருத்துவமனைகளில் 'பிசியோதெராப்பி' என்ற பெயர்ப்பலகை தொங்கும் பகுதி அதுவே. முதலில் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் காலைக் காட்டி, அங்கிருந்து கடிதம் பெற்றுச் செல்லலாம்.

அங்கே மாத்திரையோ ஊசியோ கொடுக்கமாட்டார்கள். இதனால் ஏமாற்றமடைந்து ஒரே முறையோடு நின்றுவிடுவோர் உண்டு. சிகிச்சையாளர் நடையைக் கவனிப்பார். முட்டி எவ்வளவு மடங்குகிறது, தொடையில் எவ்வளவு வலு உள்ளது என்று சோதிப்பார். பிறகு அவரவர்க்கு ஏற்ற பயிற்சிகளைக் கற்றுத் தருவார். பெரும்பாலோர்க்குத் தரப்படும் இரண்டினை இங்கே கூறுவோம்.

பாயில் காலை நீட்டி அமர்ந்து, முட்டியின் கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டியால் துண்டை அழுத்தி, மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்துத் தளர்த்துங்கள். பத்து முறை செய்தால் தொடைத் தசை இறுகுவது கைக்கே தெரியும். அடுத்தது நாற்காலிப் பயிற்சி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து, அதனினும் மெதுவாக அமருங்கள். தொப்பென்று விழுந்தால் பயனில்லை. முடியாதவர் உயரமான நாற்காலியிலிருந்து தொடங்கலாம்.

பயிற்சியின்போது சிறிது வலி தோன்றினால் அஞ்ச வேண்டாம். மறுநாட் காலைக்குள் அது அடங்கிவிட்டால் அளவு சரி. அடங்காவிடில் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு வாரங்களேனும் ஆகும். பொறுமை இங்கேதான் தேவை. தைலம் தேய்ப்பது இதமளிக்கும், தேய்த்துக்கொள்ளட்டும். ஆயினும் தைலத்தால் தசை வலுப்பெறாது. பெயர் தெரியாத மூட்டுவலி மாத்திரைகளை மட்டும் வாங்காதீர்கள். அத்தகைய மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டுச் சுகாதார அமைச்சு எச்சரித்துள்ளது. வலி மாயமாய் மறையும். எலும்பும் சிறுநீரகச் சுரப்பியும் சீர்கெடும்.

வேலையிலும் வீட்டிலும் சில மாற்றங்கள் உதவும். சரிவில் ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கும் காலையும் முன் வையுங்கள். கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்; பலர் மாற்றிப் பிடிக்கின்றனர். துணி துவைக்கவும் காய்கறி நறுக்கவும் குந்தாமல், உயரமான முக்காலியில் அமருங்கள். உடல் பருத்தவர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். வெட்டு உயரமாக உள்ள நிரையைச் சில மாதங்களுக்கு மாற்றித் தருமாறு, மருத்துவர் கடிதத்துடன் நிர்வாகத்தைக் கேட்பதில் தவறில்லை. இருபது ஆண்டுக் கைப்பழக்கமுள்ள ஒருவரை இழப்பதைவிட நிரை மாற்றுவது நிர்வாகத்திற்கும் எளிது.

முட்டி திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, விழுந்தபின் காலூன்ற இயலாவிட்டாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியில் இறங்காதீர்கள். அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.