கணினிக்கு 5.1 ஸ்பீக்கர் பொருத்தும் முறை

5.1 செட் வாங்கிய பல வீடுகளில் ஐந்து சின்னப் பெட்டிகளும் கணினி மேசை மேலேயே வரிசையாக நிற்கும். வயர் எட்டவில்லை, பின்னால் கட்டில் கிடக்கிறது, சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்று ஆளுக்கொரு காரணம். இப்படி வைப்பதாக இருந்தால் இரண்டே இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குவது மேல். சரவுண்ட் செட்டின் உயிரே பின்னிரண்டு ஸ்பீக்கர்களில்தான் இருக்கிறது. அவற்றுக்கு இடம் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் கணினியின் பின்பக்கம். 5.1 என்றால் ஆறு தடம். ஒரு 3.5 மி.மீ. ஜாக்கில் இரண்டு தடம்தான் போகும்; ஆக மூன்று அவுட்புட் ஜாக் தேவை. பச்சை ஜாக் முன்னிரண்டுக்கு, கருப்பு பின்னிரண்டுக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். மதர்போர்டில் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு மட்டும் இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். பல போர்டுகளில் நீலத்தைப் பின் ஸ்பீக்கருக்கும், இளஞ்சிவப்பை நடு, சப்வூஃபருக்கும் மாற்றிக்கொள்ளலாம். பின்னைச் செருகியதும் ரியல்டெக் மென்பொருள் எதைச் செருகினீர்கள் என்று கேட்கும். அங்கே சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எந்த ஜாக் எதற்கு என்ற அட்டவணை போர்டின் கையேட்டில் இருக்கும்.

லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஜாக்தான். அதற்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்க வேண்டும். சிலவற்றின் அட்டைப்பெட்டியில் '7.1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே ஒரு ஹெட்போன் ஜாக்கும் ஒரு மைக் ஜாக்கும்தான் இருக்கும். அது இரண்டு தடத்தை வைத்துக்கொண்டு சரவுண்ட் மாதிரி பாவனை செய்வது. கடையில் நின்றே ஜாக்குகளை எண்ணிப் பாருங்கள். ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் சுலபம். ஆப்டிகல் கேபிளில் சுருக்கப்படாத ஒலி இரண்டு தடத்துக்கு மேல் போகாது. டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ்ஸாகச் சுருக்கி அனுப்பினால்தான் 5.1 கிடைக்கும்.

இனி இடம். முன்னிரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும்: இரண்டுக்கும் நடுவில் நான்கடி என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கு நான்கடி. நடு ஸ்பீக்கர் மானிட்டருக்கு நேர் கீழே, முகம் சற்று மேல்நோக்கி. பின்னிரண்டும் முதுகுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, நேர் முன்னாலிருந்து 100 முதல் 120 பாகை வரை திரும்பிய இடம்தான் அவற்றுக்கு உரியது. அதாவது தோளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சமே பின்தள்ளி. கட்டிலோ பீரோவோ பின்னால் இருந்தாலும் கவலையில்லை. பக்கச் சுவர் அலமாரியோ ஒரு ஸ்டூலோ போதும். காது உயரம், அல்லது சற்று மேலே.

வயர் இணைக்கும்போது சிவப்பு சிவப்புக்கு, கருப்பு கருப்புக்கு. ஒரு ஸ்பீக்கரில் மாறினாலும் பேஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் போகும். இதையெல்லாம் பவர் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சப்வூஃபரை மூலையில் திணித்தால் அதிரும், தெளிவிருக்காது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். நம் அறைகளைவிடப் பெரிது. அதனால் அறையில் ஓரிடத்தில் பேஸ் குவியும், இன்னோர் இடத்தில் காணாமல் போகும். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் உட்காரும் நாற்காலி மேல் சப்வூஃபரை வைத்து, பேஸ் தொடர்ந்து வரும் பாட்டொன்றைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகத் தரையில் தவழ்ந்தபடியே கேட்டுப் போங்கள். எங்கே பேஸ் கும்மென்று இரையாமல் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதோ, அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

விண்டோஸ் 11-ல் கீழ்ப்பட்டையின் ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ், அதன் அடியில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் அழுத்தி, 5.1 சரவுண்ட் கொடுங்கள். டெஸ்ட் அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கும். படத்தில் எது மின்னுகிறதோ அதே ஸ்பீக்கர் பேசுகிறதா பாருங்கள். நடு ஸ்பீக்கருக்கான ஒலி சப்வூஃபரில் முனகினால் இரண்டும் இடம் மாறியிருக்கிறது. ரியல்டெக் மென்பொருளில் அதை மாற்றும் வசதி பெரும்பாலும் இருக்கும். கான்ஃபிகரில் அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போனால் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் எவை என்று கேட்கும். சின்ன ஸ்பீக்கர் என்றால் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒலி அளவைச் சமன்செய்யாமல் எழுந்துவிடாதீர்கள். ப்ராபர்ட்டீஸில் லெவல்ஸ், அதில் பேலன்ஸ் போனால் ஒவ்வொரு தடத்துக்கும் தனி அளவு வரும். பின் ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் அதைக் குறைத்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் எல்லாம் ஒரே அளவில் கேட்கும்படி வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பின்பக்கம் ஊமையாக இருந்தால், படத்திலேயே இரண்டு தடம்தான் இருக்கும். விஎல்சியில் படம் ஓடும்போது டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷனைத் திறந்து, சேனல்ஸ் வரியில் ஸ்டீரியோ என்றிருக்கிறதா பாருங்கள். பாட்டுகள் பெரும்பாலும் ஸ்டீரியோதான். அவற்றை ஐந்து பெட்டியிலும் பரப்பாமல் முன்னிரண்டிலும் சப்வூஃபரிலும் மட்டும் கேளுங்கள்.