கரண்ட் நின்றால் வேலை செய்யுமா?

கூரையில் சோலர் போட நினைக்கிறவர்கள் எல்லோரும் மூன்று கேள்வி கேட்கிறார்கள். எத்தனை கிலோவாட், என்ன விலை, போட்ட காசு எப்போது திரும்பி வரும். நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. கரண்ட் நின்றால் இது வேலை செய்யுமா? இதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் யாருக்கும் ஒரு ரூபா முற்பணம் கொடுக்காதீர்கள். நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். வாயால் பதில் சொன்னார்கள். அந்த வாய்ப்பதில் எனக்கு ஓர் இன்வேட்டரின் பாதி விலையைத் தின்றது.

2022ஆம் ஆண்டு இலங்கையில் யாருக்கும் மறந்திருக்காது. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஜெனரேற்றர் வைத்திருந்தவர்களுக்கும் ஊற்ற எண்ணெய் இல்லை. எனக்கு யாழ்ப்பாணத்து அளவெட்டியில் வீட்டோடு சேர்ந்த தையற்கடை. வைகாசிக் கலியாணங்களுக்குத் தரப்பட்ட சட்டைத் துணிகள் வெட்டியபடி மேசையில் கிடந்தன. ஓவர்லொக் மெசினைக் காலால் மிதித்து ஓட்ட முடியாது. கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து, நடுச்சாமத்திலும் எழும்பித் தைத்தேன். இப்படி இன்னொரு வருடம் உழைக்க முடியாது என்று முடிவெடுத்து, வங்கியில் பாதியும் கனடாவில் இருக்கிற தம்பியிடம் மீதியும் வாங்கி, அந்த வருடக் கடைசியில் 5 கிலோவாட் சோலர் போட்டேன். டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியிருந்த காலம். விலை எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

விற்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. துணைக்கு வந்து இருந்த மச்சானைப் பார்த்தே எல்லாம் சொன்னார். கேள்வி கேட்பது நான், பதில் போவது மச்சானுக்கு. "கரண்ட் நிண்டாலும் மெசின் ஓடுமோ?" என்று தெளிவாகக் கேட்டேன். "வெயில் எறிக்குமட்டும் உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை" என்றார், மச்சானிடம். காசு என்னுடையது, கடன் என்னுடைய பெயரில், கடையும் என்னுடையது. நான் கேட்ட கேள்விக்கு அவர் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவே இல்லை. இதை வாசிக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன்: உங்களைப் பார்த்துப் பதில் சொல்லாதவரிடம் எதையும் வாங்காதீர்கள். அவர் மறைக்கிறாரா, அவருக்கே தெரியாதா என்று கண்டுபிடிக்க உங்களுக்கு வழி இருக்காது.

2023 தொடக்கத்திலும் தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சுழற்சி முறையில் மின்வெட்டு இருந்தது. பானல் ஏறிய பிறகு வந்த முதல் பகல் வெட்டில், தை மாத வெயில் கூரையில் கொதிக்க, மெசின் நின்றது. ஃபானும் நின்றது. கிணற்று மோட்டரும் நின்றது. அழைத்துக் கேட்டபோது வந்த பதில்: "அது அப்பிடித்தான் அக்கா, சிஸ்ரமே அப்பிடித்தான்." விற்கும்போது காணாத அக்காவை அன்றைக்குத்தான் கண்டார்.

அது ஏன் அப்படி என்பதை நான் பிறகு படித்துத்தான் அறிந்தேன். நீங்கள் முன்னரே அறிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் போடுவது தேசிய மின்வலையோடு கட்டிய, பற்றறி இல்லாத சோலர். அதன் இன்வேட்டர் எந்நேரமும் வெளிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அங்கே 230 வோல்ற்றும் 50 ஹேர்ட்ஸும் இருந்தால்தான் அது தன் மின்சாரத்தைக் கொடுக்கும். வெளியே கரண்ட் நின்றதும் ஒரு நொடிப் பொழுதில் தானும் நின்றுவிடும். காரணம் நியாயமானது. கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஊழியரை என் கூரையில் இருந்து போகிற மின்சாரம் கொன்றுவிடக் கூடாது. அந்த விதியோடு எனக்குக் கோபம் இல்லை. 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்த ஊருக்கு வந்து, அந்த விதியைச் சொல்லாமல் விற்றவரோடுதான் கோபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பற்றறி இல்லாத சோலர் கெட்ட பொருள் அல்ல. மாதக் கட்டணம் குறைய வேண்டும், மிஞ்சியதை விற்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அது மலிவானது, பராமரிப்பும் குறைவு. ஆனால் நான் வாங்கப் போனது கட்டணத்துக்காக அல்ல, மெசின் நிற்காமல் ஓடுவதற்காக. எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை, கிணறுதான். கரண்ட் நின்றால் குளிக்கவும் தண்ணீர் இல்லை.

கடைசியில் அந்த இன்வேட்டரைப் பாதி விலைக்கு விற்று, பற்றறியையும் சேர்த்து இயக்கும் ஹைபிரிட் இன்வேட்டரும் 5 யூனிற் (கிலோவாட்-மணி) கொள்ளும் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றறியும் போட்டேன். முதலிலேயே ஹைபிரிட் வாங்கியிருந்தால், பற்றறியைக் காசு வந்தபோது ஆறுதலாகச் சேர்த்திருக்கலாம். என் கோபம் முழுவதும் இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. பற்றறிக்கு இப்போது வசதி இல்லாவிட்டாலும், பின்னர் பற்றறி பூட்டக்கூடிய இன்வேட்டராக வாங்குங்கள்.

ஈயப் பற்றறி மலிவு என்று பலர் சொன்னார்கள். அதில் பாதியளவு மின்சாரத்துக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் போய்விடும். காய்ச்சி வடித்த நீரும் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லிதியத்தில் பெரும்பகுதியை இறக்கி எடுக்கலாம். இரவில் ஃபிரிட்ஜ், இரண்டு ஃபான், சில லைற், இன்ரர்நெற் பெட்டி எல்லாம் சேர்ந்து 300 வாட்ஸ் அளவில் நின்றால், 5 யூனிற் பற்றறி விடியும் வரை தாங்குகிறது.

ஆனால் முழு வீட்டையும் அதில் கட்டாதீர்கள். கட்டாயம் வேண்டியவற்றுக்கு மட்டும் தனி வயரிங் இழுத்து, அதைத்தான் பற்றறியோடு இணைக்க வேண்டும். அயன் பெட்டி, கேத்தில், ஏசி அதில் வரக் கூடாது. கிணற்று மோட்டர் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 750 வாட்ஸுக்குச் சற்று மேல் என்றாலும், இழுத்துக் கிளம்பும் கணத்தில் அதைப் போல் பல மடங்கு கேட்கும். அந்த இழுப்பைத் தாங்காத இன்வேட்டர் ஒவ்வொரு முறையும் விழும்.

மற்றக் கருமங்கள் சாதாரணம். பிரதேச மின் அலுவலகத்தில் விண்ணப்பம், உங்கள் பகுதி மின்மாற்றியில் இடம் இருக்கிறதா என்ற பார்வை, பணம் கட்டல், மீற்றர் மாற்றல், 20 வருட ஒப்பந்தம். போடுகிறவர்களே அலைவார்கள். இன்வேட்டரை மாற்றினால் திரும்பவும் ஒப்புதல் எடுக்க வேண்டி வரும், எனக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பனையின் நிழலும் எங்கே விழும் என்று காலையிலும் மாலையிலும் நீங்களே பாருங்கள். ஒரு பானலில் நிழல் விழுந்தாலும் அதோடு தொடராகக் கட்டிய மற்றவையும் குறையலாம். நம் குடாநாட்டில் சராசரியாக ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிற் என்று எண்ணுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சோலருக்கு முதல் செய்ய வேண்டிய வேலை வீட்டுக்குள் இருக்கிறது. 5 கிலோவாட் வேண்டும் என்று எனக்குச் சொன்னவர்கள் என் பழைய தையல் மெசின் மோட்டரைப் பார்த்துச் சொன்னார்கள். கடையில் இருந்தது கிளச் மோட்டர். கால் மிதிக்காமல் நூல் கோர்த்துக்கொண்டிருக்கும்போதும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றிச் சேர்வோ மோட்டர் போட்டேன். அது தைக்கும்போது மட்டும் ஓடும், சத்தமும் இல்லை. 75 வாட்ஸ் ஃபானை நாளுக்கு 10 மணித்தியாலம் ஓட்டினால் மாதம் இருபத்திரண்டரை யூனிற். 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபானில் அதே காற்றுக்கு 9 யூனிற். 60 வாட்ஸ் குண்டு பல்ப் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 யூனிற், 9 வாட்ஸ் எல்.ஈ.டி.யில் ஒன்றரை யூனிற்றும் வராது. வீட்டு மின்கட்டணத்தில் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றில் இருந்தே கூடிய விலை விழும். அதனால் இந்தச் சிறிய குறைப்புகளால் மீதமாகும் காசு சிறியது அல்ல. இவற்றை முதலில் செய்திருந்தால் 3 கிலோவாட் எனக்குப் போதும். விற்பவர் யாரும் இதைச் சொல்லப் போவதில்லை, அவருக்கு 5 விற்க வேண்டும்.

வெளிச்சத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்ற பிறகு, மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த வருடங்களில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிதளவு எண்ணெயில் நனைத்து எரித்த சிக்கன விளக்கில் என் அம்மா கால் மெசினில் தைத்தார். அவருடைய கண் அதில்தான் கெட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிக்கனம் என்ற பெயரில் மங்கலான வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க விடாதீர்கள். இன்று அதற்குத் தேவையே இல்லை. பல்ப் வாங்கும்போது வாட்ஸைப் பார்க்காமல் லூமன் எண்ணைப் பாருங்கள். பெட்டியில் லூமன் எழுதாத பல்பை வாங்க வேண்டாம். 9 வாட்ஸுக்கு 800 லூமனுக்கு மேல் வர வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கிறவர்களுக்கு 6500 கெல்வின் வெள்ளை நல்லது, படுக்கை அறைக்கு 3000 கெல்வின் மஞ்சள் இதம். நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்றால் நிறக்காட்டல் எண் (சி.ஆர்.ஐ.) 90க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். மெரூனும் தவிட்டு நிறமும் ஒன்றாகத் தெரிகிற பல்பின் கீழ் நூல் தெரிவுசெய்து பழுதான சட்டைகள் இந்த ஊரில் ஏராளம். மலிவு எல்.ஈ.டி. விரைவில் போவதற்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கிற சிறு மின்சுற்று சூடாவதே காரணம். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் அதை மாட்டாதீர்கள். பழைய சி.எஃப்.எல். பல்ப்களில் பாதரசம் இருக்கிறது, உடைத்துக் கிணற்றடியில் போடாதீர்கள்.

பானல் கழுவுவதிலும் நம் ஊருக்குத் தனி விதி. சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கிணற்று நீர், கேத்திலில் படிகிற மாதிரியே கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும். மழைநீர் பிடித்து வைத்துக் கழுவுங்கள். இல்லையென்றால் கழுவிய கையோடு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். வெயில் ஏற முன், பானல் குளிர்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும். கடற்காற்று நாலு பக்கமும் வீசுகிற இடத்தில் சாதாரண ஆணி துருப்பிடித்துவிடும். துருப்பிடிக்காத உருக்கு ஆணிதான் என்று அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பற்றறிக்குப் போட்ட காசு ஒருநாளும் திரும்பாது என்று எனக்குக் கணக்குக் காட்டியவர்கள் பலர். "மிஞ்சினதை வித்தாக் காசு" என்றார்கள். 2016இல் அரசின் கூரைச் சோலர் திட்டமான சூரியபல சங்கிராமய தொடங்கியபோது, மிஞ்சிய யூனிற்றுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா என்றார்கள். 2022இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 37 ரூபா ஆக்கினார்கள். பிறகு 27 ஆக இறக்கினார்கள், அதற்குப் பிறகும் இறங்கியது. புதிதாகச் சேர்கிறவருக்கு நாளைய விலை என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. 2025 சித்திரை வருடப்பிறப்பையொட்டி, ஏப்ரல் 13 தொடங்கி 21 வரை தினமும் பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலர்களை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். விடுமுறையில் நாட்டின் மின்தேவை குறைந்து, வெயில் மின்சாரம் வலைக்குக் கூடிவிடும் என்பது காரணம். விற்பதை மட்டும் நம்பியிருந்தவருக்கு அந்த வெயிலால் பயன் இல்லை.

அதே வருடம் பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் கரண்ட் போனது. எங்கள் ஒழுங்கையில் பானல் உள்ள வீடுகள் பல. அன்று மெசின் ஓடியது என் கடையில்தான். 2013 வாக்கில்தான் குடாநாடு திரும்பவும் தேசிய மின்வலையோடு இணைந்தது. அந்த இணைப்பின் பெறுமதி எனக்குத் தெரியும், அதை மட்டும் நம்பியிருப்பதன் விலையும் தெரியும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நன்கொடையில் 2024இல் ஒப்பந்தமான திட்டத்தைப் பாருங்கள். சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், அவற்றோடு 2,400 யூனிற் கொள்ளும் பற்றறி. பெரிய வலை எட்டாத தீவுக்குத் திட்டம் போட்ட பொறியியலாளர்கள் பற்றறியை விட்டுவிடவில்லை. கரண்ட் அடிக்கடி நின்ற எங்கள் ஊருக்கு மட்டும் அது வீண்செலவு என்றால் நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே கணக்குப் பிள்ளைகளுக்கு என் பதில் இது: சொன்ன தேதிக்குச் சட்டை கொடுக்க முடிகிறது, அதுதான் என் பற்றறி திருப்பித் தருகிற காசு. நீங்கள் வாங்கப் போகும்போது விலைப்பத்திரத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: "மின்சாரம் தடைப்படும்போது இன்னின்ன சாதனங்கள், இத்தனை மணித்தியாலம் இயங்கும்." கீழே கையொப்பமும் கடை முத்திரையும் வேண்டும். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.