தவாவைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்

யாங்கூன்,
ஆடி வெள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தைப் பாட்டி எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று வழக்கம்போல எழுதத்தான் ஆசை. நேற்று உன் அம்மா போனில் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

மூன்று மாதச் சர்க்கரை 6.0 என்று வந்திருக்கிறதாமே. “பார்டர்தான், ஒன்றுமில்லை” என்று சிரித்தாயாம். 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் இன்னும் வியாதி ஆகவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நம் குடும்பத்தில் பிறந்தவர்கள் சர்க்கரைக் கணக்கைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. உன் தாத்தாவும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே வருஷங்களைக் கடத்தினார். கால் விரலை எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யார் உட்கார்ந்திருந்தோம் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, கண்ணு. மருந்து, மறுபரிசோதனை எல்லாம் டாக்டர் சொல்கிறபடி செய். நான் சொல்ல வந்தது உன் ராச்சாப்பாட்டைப் பற்றி. போனில் சொன்னால் “சரி பாட்டி, சரி பாட்டி” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தம்பி கையில் இதைக் கொடுக்கிறேன்.

சன்சவுங்கில் ஐந்தாவது மாடி, ஏறி இறங்க முடியவில்லை என்கிறாய். பால்கனியிலிருந்து கயிற்றை இறக்கி, கிளிப்பில் பணத்தை மாட்டி, பலாத்தா பொட்டலத்தை மேலே இழுத்துக்கொள்கிறாய் என்று தம்பி சொன்னான். வாரத்தில் ஒரு நாள் என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். தினமும் அதேதானாம். பலாத்தா என்பது மைதாவை எண்ணெயில் ஊறவைத்து, எண்ணெய் தடவி வீசி, எண்ணெயிலேயே சுட்டெடுக்கிற பண்டம். அந்தக் காலத்தில் கடலை எண்ணெயாவது ஊற்றினார்கள். இன்றைக்கு ரோட்டோரத்தில் பாமாயில்தான். காலையில் டீக்கடையில் நாண் ரொட்டி, அதுவும் மைதா. மத்தியானம் ஆபீசில் தீட்டிய அரிசிச் சோறு. ஒரு நாள் முழுக்கத் தவிடு என்ற ஒன்று உன் வயிற்றுக்குள் போவதே இல்லை.

சப்பாத்தி மருந்து என்று நான் சொல்லவில்லை. கோதுமையும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஆனால் தவிட்டோடு அரைத்த ஆட்டாவில் நார் இருக்கிறது, மைதாவில் அது மிகக் குறைவு. இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, தட்டில் பாதிக்குக் கீரையோ காயோ. இவ்வளவுதான் நான் சொல்லும் கணக்கு. எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று நீயே தீர்மானிக்கலாம். கடைக்காரன் கையில் அதை விடுவானேன்?

ரொட்டி மேக்கர் வாங்கட்டுமா, சப்பாத்திக் கல் வாங்கட்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தாய். உன் வீடு, உன் சம்பாத்தியம். எது வாங்கினாலும் எனக்குச் சம்மதம்தான். வாங்குமுன் இதை மட்டும் யோசி. நீ ஆபீஸ் விட்டு வந்து மாவைப் பிசைந்து வைத்துவிட்டுக் கரண்டுக்காகக் காத்திருக்கப் போகிறாயா? இந்த ஊரில் கரண்ட் வருகிற நேரத்தை நம்பி யாராவது உலை வைக்க முடியுமா? வந்தாலும் என்ன? வந்த நிமிஷமே எல்லா வீட்டிலும் மோட்டாரைப் போட்டு மேலே தண்ணீர் ஏற்றுவார்கள். வோல்டேஜ் இறங்கிவிடும். தட்டு சூடேறாது. சூடு போதாத தட்டில் அழுத்திய சப்பாத்தி உப்பாமல் உள்ளுக்குள்ளேயே காய்ந்து, ஆறியதும் பல்லுக்கு வேலை வைக்கும்.

அது போகட்டும். அந்த மெஷின் உருண்டையை அழுத்தித் தானே வட்டமாக்கிக் கொடுத்துவிடும். தேய்க்கிற வேலையை நீ கற்றுக்கொள்ளவே மாட்டாய். எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. இதை எழுதும்போது பசுண்டாங்கில் இருந்த நம் சாயாக்கடை என் நினைவுக்கு வராமல் இருக்குமா?

உன் தாத்தா யார் கேட்டாலும் “கடை அறுபத்துநாலில் போச்சு” என்பார். சென்னை வியாசர்பாடிச் சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொல்லிவைத்திருந்தார். அண்ணன் உயிரோடு இருந்தவரை நான் மறுத்துப் பேசியதில்லை. நீ அந்தக் கதையையே நம்பி வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இப்போது சொல்கிறேன்.

1964 மார்ச் 19-ஆம் தேதி ரங்கூனில் பெரிய கடைகளையும் மொத்த வியாபாரக் கிட்டங்கிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது உண்மை. நம்பர் போட்டு மக்கள் கடை என்று பலகை மாட்டினார்கள். மே 17-ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அந்த அடியில் நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். எல்லாம் சரி. ஆனால் நம் சாயாக்கடையை யாரும் எடுக்கவில்லை. நம் வாசலில் எந்தப் பலகையும் ஏறவில்லை. நம்மை விட்டுப் போனவர் நாண் மாஸ்டர். பிகார்க்காரர், அவரும் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அவர் போன மறுநாளே தந்தூர் அடுப்பு அணைந்தது. அப்பாவுக்கு நான்கு ஆண்பிள்ளைகள். ஒருவருக்கும் மாவு பிசையத் தெரியாது. மாவில் கை வைப்பது கூலியாளின் வேலை, என் பிள்ளைகள் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் வீம்பு. பெண்பிள்ளைகளுக்காவது கற்றுக்கொடுங்கள் என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். கடைப் பக்கம் பெண்கள் வருவதா என்று அதுவும் முடியாது என்றாகிவிட்டது. நாண் இல்லாத சாயாக்கடைக்கு யார் வருவார்கள்? அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கடையைக் கைமாற்றினோம். வாங்கியவர் தானே அடுப்படியில் நின்றார். அதே கடை, அதே அரசாங்கம், அவருக்கு மட்டும் பல வருஷம் ஓடியது.

அதே சமயத்தில் வெறுங்கையோடு கப்பலேறிய சித்தப்பா குடும்பத்தைப் பார். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அவர்களிடம் மாற்றுத் துணி தவிர ஒன்றுமில்லை. ஆனால் சித்திக்கு அத்தோ நூடுல்ஸ் பிசையத் தெரியும், மொஹிங்கா மீன் குழம்பு காய்ச்சத் தெரியும். 1969-ல் பர்மா பஜார் வந்த பிறகு அதன் பக்கத்திலேயே தள்ளுவண்டி போட்டாள். பிள்ளைகள் படித்தார்கள், வீடு வந்தது. எந்தச் சுங்கச் சோதனையிலும் பிடுங்க முடியாதது கைப்பழக்கம் ஒன்றுதான். நீயும் நாளைக்கு பாங்காக் என்றோ கோலாலம்பூர் என்றோ கிளம்பக்கூடிய காலம் இது. உன் வயசுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். போ என்றோ போகாதே என்றோ சொல்ல மாட்டேன். போகிற இடத்தில் ஒரு அடுப்பும் கொஞ்சம் மாவும் கிடைத்தால் நீ பசித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, இப்போது கவனமாகப் படி.

பர்மியக் கடையில் பொதுவாகக் கோதுமை மாவு என்று கேட்டால் மைதாவைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். அனோரதா ரோட்டில் காளியம்மன் கோயில் பக்கம் போய் ஆட்டா என்று பெயர் சொல்லி வாங்கு. மழை முடிகிறவரை ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதே. வண்டு வைக்கும். தவிட்டில் உள்ள எண்ணெய் கெட்டுக் காறல் வாடையும் அடிக்கும்.

உனக்கு ஒருத்திக்கு ஒரு கப், சுமார் 120 கிராம் மாவு போதும். நாலு சப்பாத்தி வரும். ராத்திரிக்கு இரண்டு, காலைக்கு இரண்டு. உப்பு கால் டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன். தண்ணீர் 75, 80 மில்லி பிடிக்கும். மழை நாளில் மாவே ஈரம் இழுத்திருக்கும் என்பதால் இன்னும் குறைவாகப் பிடிக்கும். ஒரே தடவையில் கொட்டாமல், கடைசிக் கால் பங்கைத் தெளித்துத் தெளித்துச் சேர். தண்ணீர் நல்ல சூடாக இருக்கட்டும். முதலில் கரண்டிக் காம்பால் கிளறிவிட்டு, சூடு தணிந்ததும் கை வை. வெந்நீர் பட்டதும் மாவில் கொஞ்சம் அப்போதே வெந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலை வரை சப்பாத்தி மெத்தென்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

பிசைவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாடிப்படிக்கு எதிர்வீட்டில் இருந்த பிகாரி அம்மா. விரல் நுனியால் நோண்டாதே என்பார். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முன்னே தள்ளு, மடி, கால் சுற்று திருப்பு, மறுபடி தள்ளு. ஏழெட்டு நிமிஷத்தில் பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவெல்லாம் உருண்டையோடு சேர்ந்து, பாத்திரம் கழுவியது போலச் சுத்தமாகிவிடும். தொட்டுப் பார்த்தால் கெட்டியாக நின்றாலும் இன்னும் கொஞ்சம் பிசை. விரலால் அழுத்திய குழி மெதுவாக மேலே எழும்பினால் போதும். பிறகு ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் விடு. தவிடு மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். அதற்கு நேரம் கொடுக்காமல் தேய்த்தால் ஓரம் வெடிக்கும், சுட்டதும் முறுகிப்போகும். அவசரப்படுகிறவர்களுக்கு மெத்தென்ற சப்பாத்தி வராததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். அந்த அரை மணியில் நீ குளித்துவிட்டு வரலாம். பிசைந்த மாவை மறுநாளைக்கு என்று வைக்காதே. ஃப்ரிட்ஜ் ஓடினால்தானே அதற்குப் பிரயோசனம்? சித்திரை, வைகாசியில் வெளியில் வைத்தால் ராத்திரிக்குள் புளித்துவிடும்.

தேய்க்கும்போது தொட்டுக்கொள்ளும் மாவு சிட்டிகை அளவுதான். மேலே மாவு அதிகம் ஒட்டியிருந்தால் அது கல்லில் கருகி, சப்பாத்தியையும் வறட்டிவிடும். கட்டையை நடுவில் அழுத்தாமல் ஓரத்தில் அழுத்தினால் சப்பாத்தி தானாகச் சுற்றும். வட்டம் கோணலானால் பரவாயில்லை. ஓரம் தடித்து நடு மெலிந்தால்தான் உப்பாது.

கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர்த் துளி விழுந்ததும் துள்ளி ஓட வேண்டும். அடுப்பைச் சிறிதாக வைத்தால் பதமாக வேகும் என்று நினைக்காதே, ஈரம்தான் போகும். போட்ட பதினைந்து இருபது வினாடியில் மேலே நிறம் மாறிச் சின்னச் சின்னக் குமிழ் வரும். திருப்பு. இரண்டாவது பக்கம் அரை நிமிஷத்துக்குச் சற்று மேல், பழுப்புப் புள்ளி விழுகிறவரை. மறுபடி திருப்பி, மடித்த துணியால் ஓரத்தை லேசாக ஒற்றி ஒற்றி எடு. உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி, மேல் தோலும் கீழ்த் தோலும் பிரிந்து முழுசாக எழும்பும். அதைப் பார்க்கிற முதல் நாள் நீயே எனக்குப் போன் பண்ணுவாய். எழும்பியதும் எடுத்துவிடு.

கேஸ் தீர்ந்த நாளில் கரியடுப்பு இருக்கிறது. கொழுந்து அடங்கித் தணலான பிறகு கல்லை வை. கடைசித் திருப்பலில் சப்பாத்தியை இடுக்கியில் பிடித்துத் தணலுக்கு நேரே காட்டினால் இன்னும் அழகாக உப்பும். ஆனால் கரியடுப்பைப் பால்கனியில்தான் வைக்க வேண்டும். மழை சாரல் அடிக்கிறது என்று உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தினாயோ, அந்தப் புகையில் வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும் விஷவாயு இருக்கிறது. இதை இரண்டு தடவை படி, பாப்பா. தனியாக இருக்கிறவள் நீ.

சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாகப் பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வை. துணியில்லாமல் சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்துச் சொட்டும். தொட்டுக்கொள்ள என்ன என்று மலைக்காதே. விடிகாலையில் தெருவில் கூவி விற்கிற பேப்யோ, அந்த அவித்த பயறை வாங்கி வைத்து, ராத்திரி வெங்காயம், மஞ்சள், ஒரு பச்சை மிளகாய் போட்டுப் பிரட்டினால் பருப்புக் கணக்கு முடிந்தது. வெயில் நாளில் அதைக் காலையிலேயே ஒரு கொதி விட்டு வை. கீரைக்குப் புளிச்சக்கீரை இருக்கிறது, இந்த ஊரில் கிடைக்கிற மாதிரி வேறெங்கே கிடைக்கும்?

ரொட்டி மேக்கரா கல்லா என்பதை நீயே முடிவு பண்ணு. நீ முடிவு பண்ணுகிறவரை சும்மா இருக்க வேண்டாமே என்று என் இரும்புத் தவாவைத் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சப்பாத்திக் கட்டையும் பலகையும் அதே பையில். தவாவைச் சோப்புப் போட்டு ஊறவைக்காதே. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வை, துருப்பிடிக்காது. கவரில் கொஞ்சம் பணமும் வைத்திருக்கிறேன். மெஷின்தான் வேண்டும் என்று தோன்றினால் அதிலேயே வாங்கிக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீ கெட்டிக்காரி. ஐந்தாவது மாடியில் தனியாக இருந்துகொண்டு, வேலைக்கும் போய், அம்மாவுக்கும் பணம் அனுப்புகிறாய். உன் வயசில் எங்களில் யாருக்கும் அந்தத் தைரியம் இருந்ததில்லை. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையைத் தவிர வேறொன்றும் இல்லை. சப்பாத்தி வந்தாலும் வராவிட்டாலும் நீ எனக்குத் தங்கம்தான். முதல் வாரம் சரியாக வராவிட்டால் மனசை விடாதே. களைத்து வருகிற நாளில் பலாத்தாவே வாங்கிச் சாப்பிடு, என்னிடம் சொல்லக்கூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் இங்கே வந்துவிடு. உனக்குப் பிடித்த கோழிக் குருமா வைக்கிறேன், பக்கத்தில் நின்று ஒரு ஈடு தேய்த்துக் காட்டுகிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு. காளியம்மா உனக்குத் துணையிருப்பாள். நூறு வயசு சுகமாக இரு, என் கண்ணே.

உன் மேல் உயிராக இருக்கும்,
அத்தைப் பாட்டி