உதவிக்கு வந்த தேனீ

பத்தாம் வகுப்பில் மகரந்தச்சேர்க்கை நடத்தும்போது, அயல் இனங்களைப் பற்றியும் பேச எனக்குக் கைகொடுப்பது தக்காளிப் பூ. அது அதிர்ந்தால்தான் மகரந்தம் நன்றாக உதிரும். திறந்த வயலில் காற்றே அதைச் செய்துவிடும். பசுமைக்குடிலுக்குள் காற்று ஏது? அங்கே பம்பிள் தேனீயைத்தான் நம்புகிறார்கள். உடல் முழுக்க ரோமம் அடர்ந்த இந்தப் பெரிய தேனீ, பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரச் செய்யும்.

தென் அமெரிக்க நாடான சிலி, 1997இல் ஐரோப்பிய பம்பிள் தேனீயை இதற்காகவே இறக்குமதி செய்தது. குடிலிலிருந்து தப்பிய தேனீக்கள் காட்டில் பெருகின. 2006இல் ஆண்டிஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவிலும் தென்பட்டன. தேனீக்கு எல்லைக்கோடு தெரியுமா?

பட்டகோனியாக் காடுகளின் சொந்த இனம் 'பாம்பஸ் டால்போமி'. செம்மஞ்சள் நிறம், உலகின் மிகப் பெரிய பம்பிள் தேனீக்களுள் ஒன்று. அயல் தேனீ பரவிய பல இடங்களில் இதைக் காண்பதே அரிதாகிவிட்டது. இன்று அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. உணவுப் போட்டி ஒரு காரணம். அயல் தேனீயுடன் வந்த ஒருசெல் ஒட்டுண்ணிகளும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "சார், ஒரு தேனீ போய் இன்னொரு தேனீ வந்திருக்கு. பூவுக்கு என்ன நஷ்டம்?"

பாடத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். அங்கு ஃபூஷியா என்ற செடியின் பூ, நீண்ட குழாய் போன்றது. குட்டை நாக்குள்ள அயல் தேனீ, பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிவிடுகிறது. அந்த வழியில் மகரந்தத்தையோ சூல்முடியையோ அது தொடுவதில்லை. ராஸ்பெரித் தோட்டங்களில் நடப்பது வேறு கதை. அளவுக்கு மீறி வந்து மொய்ப்பதால் சூல்தண்டுகள் முறிந்து, பழம் முழுமையாக உருவாவதில்லை. வருகை கூடினால் விளைச்சலும் கூடும் என்று கணக்குப் போட்டிருந்த மாணவர்களுக்கு இது புதிது.

செயல்பாட்டுக்குக் கத்தரிச் செடி போதும். காலையில் பத்து நிமிடம் பார்த்து, எந்த வண்டு பூவை அதிரச் செய்கிறது, எது சும்மா ஊர்ந்துவிட்டுப் போகிறது என்று எழுதச் சொல்லுங்கள். கரிய பெரிய வண்டு 'விர்ர்' என்று அதிரச் செய்வது காதிலேயே விழும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை வராது. அதே கருவண்டு வேறு சில பூக்களில் ஓட்டை போட்டுத் தேன் திருடுவதையும் பிள்ளைகள் பார்க்கக்கூடும். "இதுவும் அயல் இனமா சார்?" என்பார்கள். இல்லை, நம் ஊர் வண்டுதான். அடுத்த வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.